ஒரே சொல்லில் ஓர் உயில்

உயில் எழுதியவர் தெளிவான புத்தியோடுதான் எழுதினாரா என்று சண்டை வரும்போது அவரையே கூப்பிட்டுக் கேட்க முடியாது என்பதால், உயிரோடிருக்கும் யாராவது ஒருவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்க வேண்டியிருக்கிறது. திண்டிவனம் வட்டாரத்தில் அந்த யாராவது ஒருவர் பெரும்பாலும் நான்தான்.

நான் மருத்துவன். காய்ச்சல், சர்க்கரை, மூட்டுவலி பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் உயிலோடு ஒரு டாக்டர் சர்டிபிகேட் இணைத்துவிட்டால் பிற்பாடு வழக்குக்கு நல்லது என்று பத்திர எழுத்தர்கள் கண்டுபிடித்த நாள் முதல், என் கிளினிக்கில் உடம்பு சரியில்லாதவர்களோடு, உடம்பும் மனமும் சரியாக இருப்பவர்களும் வரிசையில் உட்காருகிறார்கள். "ஒரே ஒரு கையெழுத்துதான் சார்" என்று யாரோ சொன்னதை நம்பிப் பேனாவைத் திறந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாமெல்லாம் ஒரே சாதி.

போன வருஷம் லூர்துமேரி என்ற பெண்மணிக்குக் குடியிருக்க வீடு இருக்குமா, தெருவுக்கு வருவாரா என்பது என் கையெழுத்தை நம்பி நின்றது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கையெழுத்தை நான் எப்படிப் போடுகிறேன், ஏன் அப்படிப் போடுகிறேன் என்று தெரிந்தால்தான் அது புரியும் என்பதால், முதலில் இரண்டு சின்ன சம்பவங்கள்.

கேள்வித்தாள் அவுட்

ஆரம்பத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழு போனால் எத்தனை, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், என்ன சொத்து, எதற்காக இங்கே வந்தீர்கள். ஒலக்கூர் பக்கத்திலிருந்து கோவிந்தசாமி என்றொரு விவசாயி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பரீட்சைக்கு வந்த முகம். நான் "உட்காருங்க" என்றேன். அவர் உட்கார்ந்து, "வியாழக்கிழமை, திண்டிவனம், தொண்ணூத்தி மூணு" என்றார்.

நான் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, என் கேள்விகள் பத்திரப் பதிவு அலுவலகத்து வாசலில் இருக்கும் டீக்கடை வரைக்கும் பிரபலம். உயில் எழுத வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் வீட்டில் வைத்து டியூஷன் எடுக்கிறார்கள். சட்டத்துக்கு வேண்டியது கணக்கு அல்ல. தனக்கு என்ன இருக்கிறது, தன்மேல் யாருக்கு உரிமையான எதிர்பார்ப்பு இருக்கிறது, தான் செய்வதால் யாருக்கு என்ன ஆகும், இந்த மூன்றையும் ஒருசேர மனதில் நிறுத்திப் பார்க்க முடிகிறதா என்பதுதான். கிழமை தெரியாத மேதைகளை எனக்குத் தெரியும். நானே ஞாயிற்றுக்கிழமை கிளினிக் திறந்தவன். ஆகவே தாளை மூடிவிட்டு, கோவிந்தசாமியிடம் அவருடைய கிணற்றைப் பற்றியும், கிணற்றுக்காகச் சண்டை போடும் இரண்டு மகன்களைப் பற்றியும் பேசினேன். ஆள் படு தெளிவு. ஒரு மகனுக்குக் கிணறும் இன்னொருவனுக்கு மோட்டாரும் கொடுத்திருந்தார். "ரெண்டு பேரும் பேசிக்கினாத்தான் தண்ணி வரும்" என்று விளக்கினார். சர்டிபிகேட்டை எழுதிக் கொடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. ஏதோ குறை இருந்தது.

"நூறுல ஏழு போனது மட்டுமில்ல டாக்டரே, அதுலருந்து மறுபடியும் மறுபடியும் ஏழு போற வரைக்கும் மனப்பாடம் பண்ணிக்கினு வந்தேன், நீங்க கேக்கவே இல்லியே."

சட்டைப் பையில் ஒரு காது

அன்று முதல் எனக்கு எழுதாத விதி ஒன்றுதான்: உயில் எழுதுகிறவரைத் தவிர மற்ற எல்லோரும் வெளியே. அதிலும் சொத்து வாங்கப் போகிறவர் கண்ணில் படாத தூரத்தில் இருக்க வேண்டும். மனிதர்கள் ஒருவரை ஒருவர் செல்வாக்குக்கு உட்படுத்துவது தப்பில்லை; இல்லாவிட்டால் கல்யாணமே நடக்காது. மருமகள் நல்ல ரசம் வைத்துக் கொடுத்து மாமனார் மனசை மாற்றினால் அது அன்பு. ரசத்தை நிறுத்திவிடுவேன் என்று சொல்லி மாற்றினால் அங்கேதான் சட்டம் மூக்கை நுழைக்கிறது. எது எந்த ரசம் என்று கண்டுபிடிக்க, ஆளைத் தனியாக உட்கார வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு பெரியவரை மகன் கூட்டிவந்தான். "வெளியே இருங்க" என்றதும் மறுபேச்சில்லாமல் போனான். அந்த அடக்கமே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பெரியவர் எதிரில் உட்கார்ந்தார். சட்டைப் பை லேசாக வெளிச்சம் அடித்தது. மகன் தன் போனிலிருந்து அப்பாவின் போனுக்குக் கால் போட்டு, அதை ஆன் செய்து, பைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான். வெளியே வேப்பமரத்தடியில் காதில் போனை வைத்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடி நிற்கிறான். நான் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் பெரியவர் நிதானமாகப் பைக்குள் கையைவிட்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"டேய் முருகா, டாக்டரு ஆரம்பிக்கப் போறாரு, சார்ஜு வேஸ்டாவுது, வச்சிட்டுப் போய் டீ குடி."

சரோஜாம்மாவும் ஒரு சொல்லும்

இனி விழுப்புரம். அரசு வேலையில் நான் அங்கே இருந்த காலத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சரோஜாம்மா மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். கணவர் இறந்த பிறகு தனியாக ஆரம்பித்து, அந்த வருமானத்திலேயே கட்டடத்தைச் சொந்தமாக வாங்கினார். முன்பக்கம் மெஸ், மாடியில் வீடு, பின்பக்கம் இரண்டு அறை. அந்த இரண்டு அறையில் லூர்துமேரி. மெஸ் ஆரம்பித்த காலத்திலிருந்து அடுப்படியில் நின்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வேறு வீடும் இல்லை. நான் அந்த மெஸ்ஸின் வத்தக்குழம்பைப் பல வருஷம் சாப்பிட்டவன். ஆகவே இந்த வழக்கில் முறையற்ற செல்வாக்குக்கு முதலில் ஆளானவன் நான்தான் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

சரோஜாம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர. மூளையின் இடது பக்கம் அடிபட்டவர்களுக்கு எப்போதாவது இப்படி ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சிவிடும். எது மிஞ்சும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. சிலருக்குக் கடவுள் பெயர், சிலருக்குக் கெட்ட வார்த்தை. ஆயுசு முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்த சரோஜாம்மாவுக்கு மிஞ்சியது "பார்சல்". தண்ணீர் வேண்டுமென்றாலும் பார்சல், வலிக்கிறது என்றாலும் பார்சல், போடா என்றாலும் பார்சல். குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் உலகத்திலேயே லூர்துமேரி ஒருத்திதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாமே அவர்தான். முதல் முறை நான் பார்க்கப் போனபோது சரோஜாம்மா என்னைப் பார்த்து நீளமாக ஒரு பார்சல் சொன்னார். நான் முழித்தேன். லூர்துமேரி அலட்டிக்கொள்ளாமல் மொழிபெயர்த்தார்.

"தொப்ப போட்டுக்கினு வந்து நிக்கிறியே, நடக்கறியா இல்லியான்னு கேக்கறாங்க அக்கா."

ரமேஷின் இரண்டு அபிப்பிராயங்கள்

சரோஜாம்மாவுக்கு ஒரே மகன் ரமேஷ். வானூரில் ஹார்டுவேர் கடை. கெட்டவன் இல்லை, கடன் இல்லாத கடையை அவன் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். கணவர் போன புதிதில் சரோஜாம்மா எழுதிப் பதிவு செய்த உயிலில் சகலமும் அவனுக்கே. அம்மாவின் காலம் முடியும்வரை அவன் காத்திருக்கத் தயாராக இல்லை. பக்கவாதம் வந்து கொஞ்ச நாளில், கட்டடத்தை விற்க அம்மாவிடம் பவர் பத்திரம் வாங்க வேண்டும், அம்மா தெளிவாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுங்கள் என்று என்னைக் கூட்டிப்போனான். நான் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சரோஜாம்மாவைப் பார்த்தேன். நன்றாக இருந்த இடது கையின் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி மூடிக்கொண்டு, அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். இதைவிடத் தெளிவான மறுப்பை நான் எந்தப் பத்திரத்திலும் படித்ததில்லை. ரமேஷ் மட்டும், "ரொம்பத் தெளிவு டாக்டர், பேச்சுதான் இல்ல, எல்லாம் புரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தெளிவாக இருப்பதால்தான் கையெழுத்து கிடையாது என்று அவனுக்கு விளக்கிவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து லூர்துமேரி போன் செய்தார். சரோஜாம்மா பீரோவிலிருந்த பழைய உயிலின் ஜெராக்ஸை எடுக்கச் சொல்லி, பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்து, என் பெயர் போட்ட மருந்துச் சீட்டைக் காட்டினாராம். உயிலை மாற்ற வேண்டும், என்னைக் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். செய்தி எப்படியோ வானூர் போய்விட்டது. நான் விழுப்புரம் கிளம்புவதற்குள் ரமேஷ் என் கிளினிக்குக்கு வந்துவிட்டான்.

"அம்மாவுக்கு ஒண்ணுமே புரியாது டாக்டர், புரிஞ்சா பேச்சு வரணும் இல்ல?"

மொழிபெயர்ப்பாளர் வெளியே

இப்போது என் சங்கடத்தைப் பாருங்கள். உயில் மாற்றம் லூர்துமேரிக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். என் விதிப்படி அவர் வெளியே போக வேண்டும். அவர் வெளியே போனால் சரோஜாம்மா சொல்வது யாருக்கும் புரியாது. உள்ளே இருந்தால், சோறும் மாத்திரையும் கையில் வைத்திருக்கும் ஒருத்தி, தனக்கு வீடு எழுதச் சொல்லி நோயாளி சொல்வதாகத் தானே மொழிபெயர்க்கிறார் என்றாகும். எந்த நீதிபதியும் சிரிப்பார். பேச முடியாதவர்கள், தாங்கள் செய்வது என்ன என்று தெரிந்திருந்தால், உயில் எழுதலாம் என்று சட்டம் தாராளமாகச் சொல்கிறது. தெரிந்திருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதை மட்டும் நமக்கு விட்டுவைத்திருக்கிறது.

நான் லூர்துமேரியிடம் பச்சையாகவே கேட்டேன். "உங்களுக்கு அந்த வீடு வேணுமா?" இந்தக் கேள்விக்கு இதுவரை நான் கேட்ட பதிலெல்லாம், "எனக்கெதுக்கு சார், அவங்க நல்லா இருந்தா போதும்" என்ற வகை. கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். லூர்துமேரி கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேணும் சார், வேணாம்னு சொன்னாத்தான் நல்லவளா? எனக்கு இருக்கறதுக்கு எடம் வேணும், நான் தெருமுனை வரைக்கும் போறேன், நீங்க அக்காவையே கேட்டுக்குங்க."

மஞ்சள், பச்சை, சிவப்பு

லூர்துமேரி போன பிறகு நானும் சரோஜாம்மாவும் தனியாக உட்கார்ந்தோம். தலையாட்டலை நம்பலாமா என்று முதலில் பார்த்தேன். "இது விழுப்புரமா?" ஆட்டினார். "இது போஸ்ட் ஆபீஸா?" என்று கேட்டேன். முறைத்தார். மருத்துவ அகராதியில் அந்த முறைப்புக்குப் பெயரில்லை; இருந்தால் அது முழுத் தேர்ச்சி. ஆனால் தலையாட்டலை வைத்து ஒரு முழு உயிலையும் எழுத முடியாது. கேள்வியை நான் கேட்டால் பதிலும் என்னுடையதாகிவிடும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கட்டடத்தைப் படமாக வரைந்தேன்: முன்பக்கம், மாடி, பின்பக்கம். அடுத்து என்ன என்று எனக்கே தெரியவில்லை.

சரோஜாம்மா இடது கையால் கல்லா மேசையின் இழுப்பறையைக் காட்டினார். திறந்தேன். மெஸ் டோக்கன்கள். சாப்பாட்டுக்கு மஞ்சள், டிபனுக்குப் பச்சை, காபிக்கு வெள்ளை, வேலை செய்கிறவர்கள் சாப்பிடச் சிவப்பு. ஒரு மஞ்சளை எடுத்துச் சுவரில் இருந்த ரமேஷ் கல்யாண போட்டோவை நோக்கி நீட்டினார். முழுச் சாப்பாடு, அளவில்லாதது. சிவப்பை எடுத்துத் தெருமுனையைக் காட்டினார். வெள்ளையை எடுத்து என் முன்னால் போட்டார். நான் அந்த வீட்டில் எப்போதும் காபி மட்டும் ஓசியில் குடிப்பவன். பிறகு மஞ்சளை முன்பக்கத்திலும் இன்னொரு மஞ்சளை மாடியிலும் வைத்தார். சிவப்பைப் பின்பக்கத்து அறைகளில் வைத்து விரலால் அழுத்தினார். மகனைத் தள்ளவில்லை; பெரும்பங்கு அவனுக்குத்தான். லூர்துமேரி இருக்கும் இடத்தை மட்டும் தனியாக எடுத்திருக்கிறார். நான் வேண்டுமென்றே எல்லாவற்றையும் கலைத்து, "சரி, மாடி லூர்துவுக்கு" என்று சிவப்பை மாடியில் வைத்தேன். அதை எடுத்துப் பின்பக்கம் வைத்தார். "அப்ப பின்பக்கம் எனக்கு" என்று வெள்ளையை வைத்தேன். வெள்ளையை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, என் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டினார். வெளியே போய் லூர்துமேரியைக் கூப்பிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரோஜாம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்.

"இன்னா அக்கா, டாக்டரு பாஸா?"

லூர்துமேரி இல்லாத வாரம்

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஊட்டிவிடுகிற கை தெருமுனையில் இருந்தாலும் ஊட்டிவிடுகிற கைதான். நன்றி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். அதனால் லூர்துமேரியைத் தங்கை வீட்டுக்கு அனுப்பினேன். என் கிளினிக் நர்ஸ் சரோஜாம்மாவோடு தங்கினார். சோறும் மாத்திரையும் வேறு கையிலிருந்து வந்து பழகட்டும் என்று விட்டு, வாரக் கடைசியில் போனேன். பழைய படத்தைக் காட்டாமல் புதிதாக வரைந்து வைத்தேன்.

மஞ்சள், மஞ்சள், சிவப்பு. எல்லாம் அதே இடம். நான் பேனாவைத் திறந்தபோது சரோஜாம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சிவப்பு டோக்கன்மேல் விரலை வைத்தார். லூர்துமேரி போடுவதுபோல நெற்றி, மார்பு, தோள்கள் என்று சிலுவை போட்டார். பிறகு கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாக்கை வெளியே தொங்கவிட்டார். நர்ஸ் பதறி ஓடிவந்தார். சரோஜாம்மா ஒரு கண்ணைத் திறந்து அவரை விலகச் சொன்னார். லூர்துமேரி இறந்த பிறகு என்று அர்த்தம். சிவப்பை மெல்லத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பச்சையை வைத்தார். பச்சை யார்? கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் இன்னொரு போட்டோவில் இருந்த ரமேஷின் மகள் யாழினியைக் காட்டினார். லூர்துமேரி சாகும்வரை அந்த அறைகளில் இருக்கலாம், விற்க முடியாது, பிறகு அது யாழினிக்கு. சட்டக் கல்லூரியில் ஆயுள் உரிமை, மிச்ச உரிமை என்று ஒரு முழுப் பாடமாக நடத்துவார்கள். இங்கே ஒரு நாக்கு போதுமாக இருந்தது.

எனக்கு மகிழ்ச்சிதான். லூர்துமேரியின் செல்வாக்குக்கு அடங்கியவர் லூர்துமேரியின் பங்கைக் குறைப்பாரா? ஆனால் ஊரிலிருந்து திரும்பிய லூர்துமேரிக்கு இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முழுதாகக் கிடைக்க இருந்தது பாதியானதே என்று சுற்றி வளைத்து ஆரம்பித்தேன்.

"செத்தப்புறம் யாருக்குப் போனா எனக்கின்னா சார், அங்கருந்து எறங்கி வந்து வாடகையா வசூல் பண்ணப் போறேன்?"

ஒரு வரி

பத்திர எழுத்தர் உயிலை எழுதினார். அவர் தொழிலில் வல்லவர். எந்த ஆவணத்தையும் நினைவிலிருந்தே எழுதிவிடுவார். அதுதான் வம்பு. முதல் பிரதியில் "இது நான் என் வாயால் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது" என்று இருந்தது. அடித்தேன். "நான் நோய்நொடி ஏதுமின்றி" என்று இருந்தது. அதையும் அடித்தேன். காற்புள்ளிகளைத் திருத்தினேன். நான்கு பக்கத்தையும் வரிவரியாகப் பார்த்துவிட்டேன் என்ற திருப்தியில் இருந்தேன்.

சரோஜாம்மாவால் வர முடியாது என்பதால் பதிவு செய்ய சார்பதிவாளர் வீட்டுக்கே வந்தார். மெஸ் மேசையில் காகிதங்களை விரித்தோம். சாட்சிகள் நானும் எதிர்வீட்டுத் தையற்காரரும். லூர்துமேரி பின்பக்கம். ரமேஷ் எப்படியோ தெரிந்து வந்து வாசலில் நின்றான். "சார், உள்ள வரல, ஒரே ஒரு கேள்வி. பேரைக் கேளுங்க சார்" என்றான். நியாயமான கோரிக்கை, எந்த அதிகாரியும் முதலில் அதைத்தான் கேட்பார். "அம்மா, உங்க பேர் என்ன?" என்று சார்பதிவாளர் கேட்டார். சரோஜாம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கௌரவமாகச் சொன்னார்: "பார்சல்."

ரமேஷ் சிரிக்கவில்லை, கீழே பார்த்தான். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சார்பதிவாளர் பேனாவை மூடினார். பேச்சு போவது வேறு, புத்தி போவது வேறு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி, "இருங்க டாக்டர், எதுக்கும் வாசிச்சுப் பாக்கறேன்" என்று, அந்தக் குரல் இருக்கிறதே, எல்லா அலுவலகத்திலும் ஒரே மாதிரி ஓடும் குரல், அதில் வாசித்தார். முன்பக்கம் ரமேஷுக்கு. சரோஜாம்மா தலையாட்டினார். மாடி ரமேஷுக்கு. தலையாட்டினார். "பின்பக்கத்து அறைகள் இரண்டையும் மேற்படி லூர்துமேரி தன் ஆயுள்வரை புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விற்பனைகளுக்கு யோக்கியமாய்..."

மேசை அதிர்ந்தது. "பார்சல்!" இடது கையால் அந்தக் காகிதத்தை அறைந்து பிடித்துக்கொண்டார். மறுபடியும் "பார்சல்!" இந்த முறை பத்திர எழுத்தரைப் பார்த்து. பின்பக்கத்தைக் காட்டினார், இடுப்பில் குழந்தை வைத்திருப்பதுபோல் காட்டி, இல்லை என்று கையை விரித்தார். காகிதத்தை யாருக்கோ நீட்டிக் காசு வாங்குவதுபோல் காட்டி, அதற்கும் கையை விரித்தார். பத்திர எழுத்தர் முகம் வெளுத்தது. எந்தச் சொத்தை எழுதினாலும் பழக்கத்தில் வந்துவிழும் வரி அது. பிள்ளைகுட்டி இல்லாத லூர்துமேரிக்குப் பரம்பரை உரிமையும், விற்கக் கூடாதென்ற இடத்துக்கு விற்கும் உரிமையும் சேர்த்து எழுதிவிட்டார். காற்புள்ளி திருத்திய நான் அதைத் தாண்டி நிம்மதியாகப் போயிருந்தேன். ரமேஷ் தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். வரியை அடித்துப் புதிதாக எழுதி வந்து, மறுபடியும் வாசித்த பிறகு, சரோஜாம்மா இடது கட்டை விரலை விரித்துத் தானே மையில் வைத்தார். சார்பதிவாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"சர்வீஸ் முழுக்க இந்த வரிய வாசிச்சிக்கினு இருக்கேன் டாக்டர், காது குடுத்துக் கேட்ட மொத ஆளு இந்த அம்மாதான்."

கலைச்செல்வியின் கேள்வி

மழைக்காலம் முடிவதற்குள் சரோஜாம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். அதன் பிறகுதான் உயிலுக்கு உயிர் வந்தது. லூர்துமேரி பின்பக்கத்தில் இருந்தார். ஆனால் பெட்டியைக் கட்டி வாசல் பக்கமாகவே வைத்திருந்தார். வழக்கு வரும் என்று ஊரே சொன்னது. வந்தால் வருஷக்கணக்கில் ஓடும். லூர்துமேரிக்கு அத்தனை காலமும் வக்கீலுக்குக் கொடுக்கவும் வழியில்லை, காத்திருக்கவும் வயசில்லை. எதிர்பார்த்தபடியே ரமேஷ் என் கிளினிக்குக்கு வந்தான். கூட மனைவி கலைச்செல்வி. பின்பக்கம் இல்லாமல் கட்டடத்தை வாங்க ஆள் கிடைக்கவில்லையாம். "நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் டாக்டர். அன்னைக்கு அம்மாவுக்குத் தெளிவு இருந்துதான்னு சந்தேகமா இருக்குன்னு. பேரே சொல்லத் தெரியலையே" என்றான். மாட்டேன் என்றேன். அப்போ கோர்ட்டில் பார்ப்போம் என்றான்.

கலைச்செல்வி அதுவரை உயிலின் நகலை மடியில் வைத்து விரலால் கோடு பிடித்தபடி படித்துக்கொண்டிருந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. "டாக்டர், இது செல்லாதுன்னு ஆச்சுன்னா, பழைய உயிலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதுல யாழினி பேரு இருக்கா?" இல்லை, எல்லாம் உங்கள் கணவருக்கு என்றேன். அவர் கணவரை ஒரு முறை பார்த்தார். அவனுடைய கடைக் கணக்கெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரோஜாம்மா அன்றைக்கு நாக்கைத் தொங்கவிட்டு லூர்துமேரியின் பங்கைக் குறைக்கவில்லை, பூட்டியிருக்கிறார். லூர்துமேரிக்கு முழுதாகக் கொடுத்திருந்தால் குடும்பமே சேர்ந்து வழக்குப் போட்டிருக்கும். முடிவில் பேத்திக்கு என்று வைத்ததால், லூர்துமேரியின் அறைக்குக் காவலாக மருமகளையே நிறுத்திவிட்டார். நான் இருபுறமும் ஆராய்ந்து செல்வாக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். செல்வாக்கு இருந்தது, எல்லோர்மேலும், அது அந்த அம்மாளுடையது. கலைச்செல்வி உயிலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏங்க, அத்தைக்குப் புத்தி இல்லன்னு நீங்க கேஸ்ல ஜெயிச்சீங்கன்னா நம்ம பொண்ணு பங்கும் சேந்து உங்க கடைக்குத்தான் போவும், அந்த லூர்தம்மா நல்லா இருக்கட்டும், எழுந்து வாங்க, அவங்களுக்கு ஒரு டானிக் வாங்கிக்கினு போலாம்."

"உயில் எழுதியவர் தெளிந்த புத்தியுடன் இருந்தார்" என்று நான் கையெழுத்திட்ட சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகிறது. "அறையில் இருந்த மற்றவர்களைப் பற்றி அவ்வாறு உறுதி கூற இயலாது" என்று சேர்க்கத்தான் அதில் இடமில்லாமல் போயிற்று.